65 சிசி பைக்கும் அளவறியாத கையும்: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் சிறுவர் ஓட்டும் டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் (மண் தடப் பந்தய) பைக்குகளின் போல்ட், நட்டு பற்றியவை.

கேள்வி: நான் கார் மெக்கானிக். மகளின் யமஹா ஒய்இசட்65 பைக்கில் எல்லாவற்றையும் கைக்கணக்கில்தான் இறுக்குகிறேன். டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பானர்) அவசியமா?

பதில்: அவசியம். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் அனுபவமே இங்கே எதிரி. கார் சக்கர நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் கொடுத்துப் பழகிய கை அது. அலுமினியத்தில் இறங்கும் 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 10 போதும். 20 செ.மீ. ஸ்பானரின் நுனியில் 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் வருவது அவ்வளவுதான். போல்ட் எஃகு, அது இறங்கும் இடம் அலுமினியம். அளவு மீறினால் முதலில் போவது அலுமினியத்தின் மரைதான். கியர் ஆயில் வடிக்கும் போல்ட்டில் நானே இதைச் செய்திருக்கிறேன். ஒரு விநாடி வேகத்துக்குப் புதிய மரை போடும் செலவு!

கார் வேலைக்கான பெரிய ரெஞ்ச் இவ்வளவு குறைந்த அளவில் சரியாகக் காட்டாது. 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை உள்ள சிறியதை வாங்குங்கள். வைத்த அளவு வந்து 'க்ளிக்' கேட்டதும் கையை எடுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு க்ளிக் வேண்டாம். சரியான எண் உங்கள் பைக்கின் கையேட்டில் இருக்கும்.

கேள்வி: துருப்பிடிக்காமல் இருக்க மரையில் எண்ணெய் தடவலாமா?

பதில்: கையேடு சொன்னால் மட்டும். நாம் கொடுக்கும் முறுக்கில் பெரும்பங்கு உராய்வுக்கே போகிறது. போல்ட்டை இழுத்துப் பிடிப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். எண்ணெய் உராய்வைக் குறைத்தால், அதே எண்ணில் போல்ட் கணிசமாகக் கூடுதல் வலுவாக இழுபடக்கூடும். அதிர்வில் கழலும் இடங்களுக்கு நீல நிற மரைப் பசை ஒரு சொட்டு போதும். சிவப்பைத் தொடாதீர்கள், கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும்.

கேள்வி: பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) போல்ட்டுகள் ஒவ்வொரு பந்தயத்திலும் கழல்கின்றன. எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

பதில்: எந்தப் பக்கத்தைத் திருப்புகிறீர்கள்? தலை கூம்பாக உள்ளே உட்காரும் போல்ட் என்றால், ஆலன் சாவியால் தலையை அசையாமல் பிடித்து, பின்புற நட்டைத்தான் திருப்ப வேண்டும். தலையைத் திருப்பினால் கூம்பின் உராய்வே முறுக்கைத் தின்றுவிடும். ரெஞ்ச் க்ளிக் என்னும், போல்ட் தளர்வாகவே இருக்கும். புதிதாக மாட்டியவற்றை முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி சோதியுங்கள். இறுக்கியதும் நட்டின் மேல் பெயின்ட் கோடு ஒன்று போட்டுவைத்தால், அது நகர்ந்ததா என்று தொலைவிலிருந்தே தெரியும்.

கேள்வி: முன் சக்கரத்தை மாட்டிய பிறகு ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) விறைப்பாக இருக்கிறது.

பதில்: வரிசை மாறியிருக்கும். முதலில் அச்சு நட்டு. பிறகு முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நாலைந்து தரம் அமுக்குங்கள். ஃபோர்க்கின் கால்கள் இரண்டும் தம் இடத்துக்கு வரும். கடைசியில்தான் அச்சைக் கவ்வும் சிறு போல்ட்டுகள், மாற்றி மாற்றி.

கேள்வி: ஸ்பார்க் பிளக்?

பதில்: இன்ஜின் ஆறியபின் கையாலேயே முழுதும் திருகி உட்கார வையுங்கள். வாஷருள்ள புதிய பிளக் என்றால் அதன்பின் அரைச் சுற்று. பழையதையே மாட்டினால் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்று.

கேள்வி: கிளட்ச் லீவர் பிடிப்பையும் டார்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டுமா?

பதில்: இது ஒன்றுக்கு வேண்டாம். கையால் பலமாகத் தள்ளினால் சுழலும் அளவுக்கு விடுங்கள். பையன் விழும்போது லீவர் முறியாமல் திரும்பிக்கொள்ளும்.