காவியம் என்று பெயரெடுத்த பழைய தமிழ்ப் படங்களில் இன்றும் தாங்கக்கூடியவை எவை?

கேள்வி: “மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு பழைய படம் போடலாம் என்றிருக்கிறோம். பெரியவர்கள் பராசக்தி, பாசமலர் என்று அடுக்குகிறார்கள். இளசுகள் அரைமணி நேரத்தில் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். இந்தப் படங்கள் உண்மையிலேயே அவ்வளவு நல்லவையா? எதை முதலில் போடுவது?”

பாதிக்கு மேல் நல்லவைதான். ஆனால் அவற்றின் புகழ் பெரும்பாலும் காதால் கேட்டு வளர்ந்த புகழ். வசன கேசட்டும் வானொலிப் பாட்டும் சேர்ந்து வளர்த்தது. அதனால் எந்தப் படத்தை எடுத்தாலும் வசனத்தையும் பாட்டையும் மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். தோட்டப்புறத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அதே படங்களில் கனம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தால் இளசுகளும் உட்காருவார்கள்.

பராசக்தியையே (1952) எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் நீதிமன்றக் காட்சிக்காகக் காத்திருப்பார்கள். கலைஞரின் வசனமும், முதல் படத்திலேயே சிவாஜி அதைப் பேசிய விதமும் அசாத்தியம்தான். ஆனால் காட்சியாகப் பார்த்தால் அது மேடை நாடகம். என் பார்வையில் படத்தின் உயிர் முன்பாதியில் இருக்கிறது. அண்ணன் தம்பி மூவர் ரங்கூனில், தங்கை மதுரையில்; போர் வந்து குடும்பம் சிதறுகிறது. எஸ்.எஸ்.ராஜேந்திரன் நடித்த ஞானசேகரன், தப்பி வரும் வழியில் ஜப்பானியத் தாக்குதலில் காலை இழந்து பிச்சைக்காரனாகிறான். போர் முடிந்து ஏழே ஆண்டில் வந்த படம் இது. அதே போரில் ஜப்பானியரால் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் மண்டபத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த முன்பாதி சொந்தக் கதை. படம் போடுவதற்கு முன் இதை இரண்டு நிமிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் மாதம் போட வேண்டியது பராசக்தி அல்ல, அந்த நாள் (1954). ஏவி.எம். தயாரிப்பு, வீணை எஸ்.பாலசந்தர் இயக்கம். பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் என்றுதான் எங்கும் எழுதுவார்கள். அது ஒரு தகவல், அவ்வளவே. படம் நிற்பது கட்டமைப்பில். 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட மறுநாள் காலை, ராஜன் என்ற வானொலிப் பொறியாளர் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறார். யார் சுட்டது என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். மலிவு விலை வானொலி செய்ய வழி கண்டும் அரசு கைகொடுக்கவில்லை என்ற கசப்பில், ஜப்பான் வந்தால் நாடு உருப்படும் என்று நம்பி உளவு சொன்னவர் அவர். படம் அவரைத் துரோகி என்கிறது. அதே 1943இல்தான் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணும் போய்ச் சேர்ந்தார்கள். சென்னையில் துப்பறியும் கதையாகப் பார்க்கப்பட்ட படத்தை இங்கே போட்டால் பெரிய வாக்குவாதமே வரும். வரட்டும். முடிவை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

பராசக்தி, அந்த நாள் இரண்டுக்கும் ஒளிப்பதிவு எஸ்.மாருதி ராவ். அதில் அசையாமல் நின்று வசனம் கேட்ட கேமரா, இதில் தாழ்ந்தும் சாய்ந்தும் நிழலைத் தேடிப் போகிறது. ஆகவே இதை மோசமான பிரதியில் போட்டால் பாதிப் படம் காணாமல் போகும். இணையத்தில் கிடைக்கிற பல பிரதிகளில் 4:3 விகிதச் சட்டத்தை (ஃபிரேமை) இன்றைய 16:9 அகலத் திரைக்குப் பொருத்துவதற்காக மேலும் கீழும் வெட்டியிருப்பார்கள். உயரத்தில் கால்வாசி போய்விடும். எழுத்து ஓடும்போது பெயர்கள் விளிம்பில் அறுபட்டிருந்தால் அந்தப் பிரதி வேண்டாம். வெட்டாமல் இழுத்துவிட்டவையும் உண்டு. கடிகாரம், தட்டு, வண்டிச் சக்கரம் எதையாவது பாருங்கள், வட்டம் முட்டையாகத் தெரிந்தால் புரொஜெக்டரில் 4:3க்கு மாற்றுங்கள். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் ராஜராஜ சோழன் (1973). அதற்கு முந்தைய படம் திரை முழுக்க அகலமாக நிறைந்தால், யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

நீளத்தையும் சோதியுங்கள். தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் தெரிந்தால் அங்கே நிறுத்துங்கள். நீளம் அடியில் இருந்தால் 90ஆல் வகுங்கள், மீட்டரில் இருந்தால் 27.4ஆல். வருவது நிமிடக் கணக்கு. 4,500 மீட்டர் என்றால் ஏறக்குறைய 164 நிமிடம். நம் நாட்டு பால் (PAL) ஒளிபரப்பு முறை டிவிடியில் வினாடிக்கு 24 சட்டம் 25ஆக ஓடுவதால் 150 நிமிடப் படம் 144இல் முடியும். அது வெட்டு அல்ல. அதற்கும் மேல் குறைந்தால் பாட்டோ காட்சியோ போயிருக்கிறது. “படம் தாவித் தாவிப் போகிறது” என்று பழைய இயக்குநர்களைக் குறை சொல்பவர்களில் பலர் பார்த்தது இப்படி அறுத்த பிரதியைத்தான்.

பாசமலர் (1961) அழ வைக்கிற படம் என்றே பெயர் வாங்கிவிட்டது. பின்பாதியில் அத்தையின் சூழ்ச்சி இழுத்துக்கொண்டே போவது உண்மை. ஆனால் தொழிலாளியாக இருந்து முதலாளியான ராஜு ஒரு பக்கம், அவன் ஆலையிலேயே வேலை நிறுத்தத்துக்குத் தலைமை தாங்கும் ஆனந்தன் மறுபக்கம் என்று பீம்சிங் போட்ட மோதலை விமர்சகர்கள் போதுமான அளவு பேசவில்லை. சங்கச் சந்தா கட்டி வேலை நிறுத்தம் பார்த்த பெரியவர்கள் அதைப் பேசுவார்கள்.

இளசுகளுக்குச் சுலபமாகப் பிடிக்கக்கூடியது முள்ளும் மலரும் (1978). ரஜினி படம் என்று வந்து உட்காருவார்கள். உமாசந்திரன் நாவலிலிருந்து மகேந்திரன் எடுத்தது, ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. விஞ்ச் (கம்பிவடத்தில் இழுக்கும் வண்டி) ஓட்டும் காளிக்கும் புதிதாக வந்த எஞ்சினியருக்கும் இடையிலான முறைப்பு, தோட்டத் தொழிலாளி தன் மேலாளரான துரையைப் பார்க்கும் அதே பார்வை. காளி கையை இழந்த பிறகும் முறைப்பு குறைவதில்லை. அண்ணன் தங்கைப் படமென்று பாசமலர் பக்கத்தில் வைக்கிறார்கள். எனக்கு அது தன்மானத்தைப் பற்றிய படம். அடுத்த ஆண்டே வந்த உதிரிப்பூக்கள் இதைவிடச் சிறந்தது. ஆனால் அதன் பலம் மௌனம். நாலு காற்றாடி சுற்றும் மண்டபத்தில் எடுபடாது. ஆறு மாதம் கழித்து, ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும் போடுங்கள்.

கர்ணன் 1964 பொங்கலுக்கு எம்.ஜி.ஆரின் வேட்டைக்காரனோடு மோதி வந்தது. 2012இல் புதுப்பித்து வெளியிட்டபோது புதுத் தலைமுறை கொண்டாடியது. எனக்குப் போர்க்களக் காட்சிகளைவிட முன்பாதிதான் பெரிது. திருவிளையாடலில் (1965) தருமி பகுதி ஒன்றே போதும். நக்கீரராக வருபவர் இயக்குநர் ஏ.பி.நாகராஜனே என்று சிறுவர்களிடம் சொல்லுங்கள், ஆர்வமாகப் பார்ப்பார்கள்.

சத்தம்தான் பெரும்பாலான திரையிடல்களைக் கெடுக்கிறது. 50களின் படங்களுக்கு ஒற்றைத் தட ஒலி. கோயில் விழாவுக்கு வைக்கிற பெரிய பாஸ் பெட்டியில் விட்டால் வசனம் குழம்பிவிடும். ஒரே ஒரு பெட்டியைத் திரைக்குக் கீழே, உட்கார்ந்தவர் காது உயரத்தில் வையுங்கள். பாஸை நன்றாகக் குறையுங்கள். டிரெபிளை ஏற்றினால் இரைச்சல் கூடும், தொடாதீர்கள். டைல்ஸ் தரை எதிரொலிக்கும், பாய் விரித்தால் அடங்கும். இடைவேளையைப் படமே காட்டும் இடத்தில் விடுங்கள். ஒரு மணி நேரமானதும் தேநீருக்கு நிறுத்தினால் காட்சியின் பிடி அறுந்துபோகும்.

முதல் நான்கு மாதத்துக்கு என் வரிசை: அந்த நாள், முள்ளும் மலரும், பராசக்தி, பாசமலர். பாசமலர் அன்று படத்தை மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுங்கள், முடிந்ததும் பெரியவர்கள் பேச அரைமணி நேரமாவது வேண்டும்.