கடைசி 200 மீட்டரில் தோள் ஏன் காதுவரை ஏறுகிறது?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 800 மீட்டர் ஓடுகிறேன். என் சிறந்த நேரம் 2 நிமிடம் 8 விநாடி. கடைசிச் சுற்றுக்கான பெல் அடித்து 200 மீட்டர் தாண்டியதும் தோள் இரண்டும் மேலே ஏறிவிடுகின்றன. கை தானாக முஷ்டியாகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. கோச் ஓரத்தில் நின்று ‘ரிலாக்ஸ், ரிலாக்ஸ்’ என்று கத்துவார். அவர் கத்தக் கத்த இன்னும் இறுகுகிறது. நண்பனோ, ‘அந்தக் கால செக்கோஸ்லோவாக்கிய ஓட்டவீரர் ஜாடோபெக் முகத்தைக் கோணி, தலையை ஆட்டிக்கொண்டே ஓடித்தான் தங்கம் வாங்கினார், இதையெல்லாம் கண்டுகொள்ளாதே’ என்கிறான். நான் ஸ்டைலை மாற்றவேண்டுமா, வேண்டாமா?
– பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: தம்பி, உங்கள் கோச் சொல்வது சரி. சொல்கிற நேரம்தான் சரியில்லை. 600 மீட்டர் ஓடி, கால் கனத்துப்போய், மூச்சு இரைக்கிறவரிடம் ‘ரிலாக்ஸ்’ என்றால் அவர் என்ன செய்வார்? அந்த நேரத்தில் உடம்பு புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாது. ஏற்கெனவே பழக்கத்தில் இருப்பதுதான் வெளியே வரும். அதனால் தளர்வாக ஓடுவதை, களைப்பில்லாத நேரத்தில் பழகிக்கொள்ளவேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்கவேண்டும். முதல் சுற்றை, அதாவது முதல் 400 மீட்டரை, எத்தனை விநாடியில் ஓடுகிறீர்கள்? நீங்கள் எழுதவில்லை. 60-ல் முடித்துவிட்டு அடுத்த சுற்றுக்கு 68 எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால், தோளில் கோளாறே இல்லை. வேகக் கணக்கில்தான் கோளாறு. 800 மீட்டரில் இரண்டாவது சுற்று கொஞ்சம் மெதுவாவது சகஜம். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் கென்யாவின் டேவிட் ருடிஷா 1:40.91 ஓடி உலக சாதனை படைத்தபோதுகூட முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. வித்தியாசம் இரண்டரை விநாடிக்கும் குறைவு. உங்களுக்கு எட்டு விநாடி வித்தியாசம் வந்தால் எந்தப் பயிற்சியாலும் அந்தத் தோளை இறக்கமுடியாது. 62, 63-ல் முதல் சுற்றை முடித்துப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு வருவோம். மூச்சு வாங்கும்போது விலா எலும்புகளை மேலே தூக்கிவிட, கழுத்துத் தசைகளும் தோளின் மேல்தசைகளும் துணைக்கு வருகின்றன. இது உடம்பின் இயல்பு, கெட்ட பழக்கம் இல்லை. மூச்சை வெளியே விட்ட பிறகும் அவை இறங்காமல் அங்கேயே நின்றுவிடுவதுதான் சிக்கல். தோள் மேலே நின்றுவிட்டால் கையைப் பின்னால் வீச இடமிருக்காது. முழங்கை பக்கவாட்டில் விரியும், கை மார்புக்குக் குறுக்கே போகும், இடுப்புக்கு மேலே உடம்பு முறுக்கிக்கொள்ளும். காலடி குறுகுவது அதற்கப்புறம்.

கைவீச்சு வெறும் அழகுக்காக இல்லை. கால்கள் மாறி மாறிப் போகும்போது உடம்பு திரும்பப் பார்க்கும். அதை எதிர்த்துச் சமன் செய்வது கைதான். 2014-ல் வெளியான கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் கைவீசாமல் ஓடச்சொல்லி அளந்தார்கள். கையைப் பின்னால் கட்டி ஓடியபோது சுமார் 3 சதவீதம் கூடுதல் ஆற்றல் செலவானது. மார்பில் கட்டியபோது 9 சதவீதம், தலைமேல் வைத்தபோது 13 சதவீதம். உங்கள் கை அவ்வளவு கட்டிப்போடப்படவில்லை, சரி. ஆனால் எந்தத் திசையில் போகிறீர்கள் என்பது புரியும்.

‘தோளை இறக்கு’ என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள். பலரும் தோளைப் பலவந்தமாகக் கீழே அழுத்துவார்கள், அதுவே இன்னொரு இறுக்கம். கட்டளையைத் தோளுக்குக் கொடுக்காமல் விரலுக்கும் தாடைக்கும் கொடுங்கள். இப்போதே ஒரு கையை இறுக்கமாக மூடி, இன்னொரு கையால் அதன் முன்கையைத் தொட்டுப் பாருங்கள். கல் மாதிரி இருக்கும். அப்படியே ஓடுவதுபோல முன்னும் பின்னும் வீசினால் தோள்வரை அந்தப் பிடிப்பு தெரியும். விரலைத் தளர்த்தினால் அதுவும் தளரும். முட்டையைப் பிடி, அப்பளத்தைப் பிடி என்று கோச்சுகள் ஏதேதோ சொல்வார்கள். கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரலின் பக்கத்தில் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். தாடைக்கும் அப்படித்தான்: மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டக்கூடாது. பல்லைக் கடித்தால் கழுத்து தானாக விறைக்கும்.

பழகுவது எப்படி? வாரத்தில் இரண்டு மூன்று நாள், மெதுவோட்டம் முடிந்ததும் புல்தரையில் 100 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ், அதாவது சீரான வேக ஓட்டம், ஆறு ஓடுங்கள். முழு வேகம் வேண்டாம், அதற்குச் சற்றுக் கீழே. ஒவ்வொன்றிலும் கடைசி 30 மீட்டரில் வேகத்தைக் குறைக்காமல் விரலையும் தாடையையும் விடவேண்டும். அது கைவந்ததும் போட்டி வேகத்தில் 200 மீட்டர் ஓட்டங்களுக்குப் போங்கள். 150 மீட்டரில் ஒரு பெருமூச்சை வெளியே விட்டு, இரண்டு மூன்று அடிக்குக் கைகளைத் தொங்கவிட்டு, மறுபடி வீச்சைப் பிடிக்கவேண்டும். முதலில் தாளம் தப்பும், பரவாயில்லை.

இவற்றையெல்லாம்விட உங்களுக்குப் பயன்படப்போவது அடுத்தது. பத்து நாளைக்கு ஒருமுறை, போட்டி வேகத்தில் 600 மீட்டர் ஓடி, ஒரு நிமிடம் நடந்துவிட்டு, உடனே 200 மீட்டர் ஓடுங்கள். அந்த 200-ல் கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம், கையை மட்டும் கவனியுங்கள். களைத்த உடம்பில் தளர்வாக ஓடுவதை இங்கேதான் கற்றுக்கொள்வீர்கள். கோச்சிடம் காட்டிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர் போட்டிருக்கும் அட்டவணைக்கு மேலே இதைத் திணிக்காதீர்கள்.

வீட்டில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஓடுவதுபோலக் கை வீசிப் பாருங்கள். முழங்கை கிட்டத்தட்ட 90 டிகிரி, வீச்சு தோள்மூட்டிலிருந்து, அழுத்தம் பின்பக்கமாக. பிளாங்க், புஷ்-அப், புல்-அப் மூன்றும் வாரம் இருமுறை இருக்கட்டும். நடுவுடம்பு தொய்ந்தால் தோள்தான் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும். போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே பாதி நாளைக் கழிப்பதும் இதில் சேரும், அதை உங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

அடுத்த போட்டியில் நண்பரை ஃபினிஷ் கோட்டுக்கு நேரே, கொஞ்சம் தள்ளி நின்று போனில் படமெடுக்கச் சொல்லுங்கள். 350 மீட்டரிலும் 750 மீட்டரிலும் நீங்கள் அதே நேர்க்கோட்டில்தான் வருவீர்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காதுக்கும் தோளுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் கவலையில்லை. கழுத்தே காணாமல் போயிருந்தால்தான் வேலை இருக்கிறது.

ஜாடோபெக் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது பொய்யில்லை. 1952 ஹெல்சின்கியில் 5,000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம், மூன்றிலும் அந்தக் கோணல் முகம். ஆனால் அவர் ஜெயித்தது முகத்தைக் கோணியதால் இல்லை. 400 மீட்டர் ஓட்டங்களை மறுபடி மறுபடி ஓடி, ஊரே மலைத்துப்போகும் அளவுக்குப் பயிற்சி செய்தவர். மேலும் அவர் ஓடியது நெடுந்தூரம். உங்கள் 800-ல் அரை விநாடிக்கு மூன்று இடம் கைமாறிவிடும். உங்கள் ஸ்டைலை அடியோடு மாற்றச்சொல்லவில்லை. தலை லேசாக ஆடுகிறதா, ஒரு கை இன்னொன்றைவிடக் கொஞ்சம் உயரமாக வருகிறதா, அதையெல்லாம் விட்டுவிடுங்கள்.

போட்டிக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம்தான் இருக்கிறதென்றால் மேலே சொன்ன எதையும் இப்போது ஆரம்பிக்கவேண்டாம். முதல் சுற்றின் வேகத்தை மட்டும் சரி செய்துகொண்டு ஓடுங்கள், மற்றது சீசன் முடிந்ததும். ஒருவேளை ஓடும்போது மூச்சில் விசில் சத்தம் வந்தாலோ, நெஞ்சு அடைத்தாலோ, கை மரத்துப்போனாலோ, கோச்சிடம் போகுமுன் டாக்டரைப் பாருங்கள்.