முதுகுல கம்பி இருந்தா குழந்தை பெத்துக்க முடியாதா?

கேள்வி: டாக்டர், எனக்கு 25 வயசு. 15 வயசுல ஸ்கோலியோசிஸ்க்கு, அதாவது முதுகெலும்பு பக்கவாட்டுல வளையிறதுக்கு, ஆபரேஷன் பண்ணி டி4ல (மேல் முதுகு எலும்பு) இருந்து எல்1 (இடுப்புப் பகுதியோட முதல் எலும்பு) வரைக்கும் ராடு, ஸ்க்ரூ வச்சிருக்காங்க. இப்ப கல்யாணப் பேச்சு நடக்குது. குழந்தை சுமக்க முடியுமா, கம்பிய எடுத்துடணுமான்னு வீட்ல கவலைப்படுறாங்க. சாயங்காலம் ஆனா கீழ் இடுப்பும் வலிக்குது.

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா, உங்க முதுகு உடையிற பொருள் இல்ல. அந்த ராடுங்க வேலை எலும்பு ஒட்டுற வரைக்கும் பிடிச்சு நிறுத்துறதுதான், சுமார் ஒரு வருஷத்துல எலும்பு ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திடும், அப்புறம் பாரத்தை அந்த எலும்பே தாங்கும். அதனால கம்பிய எடுக்க வேண்டியதில்ல, இன்ஃபெக்‌ஷன், ஸ்க்ரூ லூசாகுறது, ராடு உடையிறதுன்னு ஏதாவது வந்தாதான் அந்தப் பேச்சே.

குழந்தை தாராளமா பெத்துக்கலாம். ஸ்கோலியோசிஸ் ஆபரேஷன் ஆன நிறைய பேர் நார்மல் டெலிவரியே ஆகியிருக்காங்க, முதுகுல கம்பி இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக சிசேரியன் பண்ணணும்னு இல்ல. முதுகுல மயக்க ஊசி போடுறதுதான் கேள்வி, அதுவும் உங்களுக்கு எல்1ல முடிஞ்சிடுது, ஊசி பொதுவா அதுக்கும் கீழ எல்3, எல்4 பக்கம் போடுவாங்க, அங்க உங்களுக்குத் தழும்பும் இல்ல கம்பியும் இல்ல. இருந்தாலும் ஏழாவது மாசத்துக்குள்ள டிஸ்சார்ஜ் சம்மரியையும் பழைய எக்ஸ்ரேயையும் மயக்க டாக்டர்கிட்ட காட்டிடுங்க, பிரசவ வலி வந்தப்புறம் நடுராத்திரில அந்த ஃபைலைத் தேடக் கூடாது. இந்த முதுகு வளைவு பிள்ளைக்கும் வருமான்னு அடுத்து கேப்பாங்க. குடும்பத்துல வர வாய்ப்பு கொஞ்சம் கூட இருக்கு, அதுக்காக பயப்பட வேணாம், பத்து வயசுல இருந்து வருஷத்துக்கு ஒரு தடவை குனிய வச்சு முதுகு ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு பாருங்க.

இப்ப அந்த இடுப்பு வலி. எனக்கு இதுதான் முக்கியமா படுது. மேல முதுகு வளையாததால குனியிற வேலை எல்லாம் கீழ எலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற டிஸ்க்குங்க மேல விழுது. சில பேர் கம்பி இருக்குன்னு பயந்து வருஷக்கணக்கா உடம்பை அசைக்காமலே இருக்காங்க, அதுல இடுப்புத் தசை இன்னும் பலவீனமாகி வலி கூடுது. நடங்க, நீந்துங்க, ஒரு பிசியோகிட்ட வயிறு, முதுகுத் தசைக்குப் பயிற்சி கத்துக்கோங்க. தண்ணிக் குடம் தூக்கணும்னா முட்டியை மடக்கி, குடத்தை உடம்போட ஒட்டி தூக்குங்க, முதுகைத் திருப்பிக்கிட்டே தூக்காதீங்க. தரையில உக்காரலாம், எழும்போது கை ஊனிக்கோங்க.

வலி கால் வரைக்கும் இறங்குச்சுன்னா, புதுசா முதுகு கோணுச்சுன்னா, தழும்புல நீர் வடிஞ்சா ஆபரேஷன் பண்ண டாக்டரைப் பாருங்க. கால் பலம் குறைஞ்சாலோ ஒண்ணுக்கு அடக்க முடியலன்னாலோ அன்னைக்கே போயிடணும். இதெல்லாம் இல்லேன்னாலும் தினமும் வலிக்குதுன்னு சொல்றதால கர்ப்பம் தரிக்கிறதுக்கு முன்னாடியே நின்ன நிலையில ஒரு முழு முதுகு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடுங்கம்மா, அப்புறம் எக்ஸ்ரே எடுக்கத் தயங்குவாங்க.