கத்தியா, பலூனா? ரத்தக்குழாய் அடைப்பு பற்றி வந்த கேள்விகள்

போன மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ரத்தக்குழாய் கோளாறுக்கு ஆபரேஷனா, பலூன் அல்லது ஸ்டென்ட்டா என்று; ஊரும் வயதும்தான் வேறு. ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பி "என்ன பண்ணலாம் டாக்டர்?" என்று மட்டும் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், காலைத் தொட்டுப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். அப்புறம் ஒரு வார்த்தைத் தகராறு. நம் ஊரில் ரத்தக்குழாய்க்கும் நரம்பு என்றுதான் பெயர், "ஊசி போட நரம்பே கிடைக்கல" என்போம். கீழே தமனி என்றால் இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய், சிரை என்றால் திருப்பிக் கொண்டுவரும் குழாய். உண்மையான நரம்புக்கு இங்கே வேலையில்லை.

அப்பாவுக்கு 68 வயது, 20 வருடமாகச் சர்க்கரை. வலது கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. ராத்திரி முழுக்கக் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு டாக்டர் பைபாஸ் என்கிறார், இன்னொருவர் பலூனே போதும் என்கிறார். யாரை நம்புவது? (தேனி)

முதலில் அந்தத் தொங்கும் கால். படுத்தால் வலி, தொங்கப்போட்டால் கொஞ்சம் ஆறுதல் என்றால், தமனி வழியாக வரும் ரத்தம் போதவில்லை, மேலிருந்து கீழே இறங்கும் வசதியில்தான் ஏதோ கொஞ்சம் விரலுக்குப் போய்ச் சேருகிறது என்று அர்த்தம். இதில் வாரக்கணக்கில் யோசிக்க நேரம் கிடையாது.

பைபாஸ் என்றால் பெரும்பாலும் காலின் சிரையையே எடுத்துத் தைத்து, அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுவழி போடும் ஆபரேஷன். பலூன் என்றால் தமனிக்குள் அதை விட்டு ஊதி அடைப்பை விரிப்பது, ஸ்டென்ட் என்றால் விரித்த இடம் மூடாமல் வைக்கும் வலைக்குழாய். இரண்டு டாக்டர்களுமே ஆராய்ச்சியைக் காட்டித்தான் பேசியிருப்பார்கள். 2022இல் வந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில் அமெரிக்கா, கனடா, பின்லாந்து, இத்தாலி, நியூசிலாந்து நாடுகளில் 1,830 பேரைச் சேர்த்தார்கள். காலின் உள்பக்கம் ஓடும் நீளமான சிரை நல்ல நிலையில் இருந்த 1,434 பேரில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 42.6 சதவீதத்தினருக்கும், பலூன் அல்லது ஸ்டென்ட் வைத்தவர்களில் 57.4 சதவீதத்தினருக்கும் காலில் பெரிய பாதிப்போ மரணமோ நேர்ந்தது. பைபாஸ் ஜெயித்துவிட்டது என்று ஆபரேஷன் செய்யும் எங்கள் ஆட்கள் கொண்டாடிய சத்தம் அடங்குவதற்குள், 2023இல் பிரிட்டன், ஸ்வீடன், டென்மார்க்கில் 345 பேரை வைத்து நடந்த பேசில்-2 நேர் எதிராகச் சொன்னது. அங்கே காலை இழந்தவர்கள் அல்லது இறந்தவர்கள், முதலில் பைபாஸ் செய்தவர்களில் 63 சதவீதம், முதலில் பலூன் போட்டவர்களில் 53 சதவீதம்.

இது எப்படி? எதை எண்ணினார்கள் என்று பாருங்கள். பெஸ்ட்-சிஎல்ஐ-யில் பலூன் பக்கம் பின்தங்கியதற்கு முக்கியக் காரணம், அடைப்பு திரும்ப வந்து பெரிய அளவில் மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது: 23.5 சதவீதம் பேருக்கு, பைபாஸில் 9.2 சதவீதம். கணுக்காலுக்கு மேலே காலை எடுத்ததிலும் வித்தியாசம் இருந்தது, அது இவ்வளவு பெரிதில்லை. பேசில்-2இல் கால் போனது இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வித்தியாசம் வந்தது மரணத்தில். அதோடு அது முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய தமனிகள் வரை சரிசெய்ய வேண்டியிருந்தவர்களுக்கான ஆய்வு. ஆக, உங்கள் அப்பாவுக்கு அடைப்பு எங்கே இருக்கிறது, பெரிய ஆபரேஷனை அவர் இதயமும் சிறுநீரகமும் தாங்குமா, காலில் நல்ல சிரை இருக்கிறதா என்ற மூன்றும் தெரியாமல் "பைபாஸ்தான்" என்பதும் "பலூன்தான்" என்பதும் அவரவர் கைப்பழக்கம்.

மூன்றாவதைத்தான் நம் ஊரில் பெரும்பாலும் பார்க்காமல் விடுகிறார்கள். அது ஊசிகூடக் குத்தாத ஸ்கேன். ஆளை நிற்கவைத்து, சில்லென்று ஜெல்லியைத் தடவி, தொடை இடுக்கிலிருந்து கணுக்கால் வரை சிரையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே மார்க்கர் பேனாவால் காலில் கோடு போட்டுக்கொண்டு வருவோம். 3 மில்லிமீட்டர் அகலம், சுவர் மெத்தென்று, நடுவில் எங்கும் தழும்பில்லாமல் இருந்தால் எனக்கு நிம்மதி. சிரைக்குள் ரத்தம் மேல்நோக்கி மட்டும் போக வால்வுகள் உண்டு, அதனால் அதை வெளியே எடுத்துத் தலைகீழாகத் திருப்பித் தைப்போம், இல்லையென்றால் இருக்கும் இடத்திலேயே வைத்து வால்வுகளை வெட்டிவிடுவோம். இதய பைபாஸுக்காக ஏற்கெனவே அந்தச் சிரையை எடுத்துவிட்டார்கள் என்றால் கணக்கே வேறு. பெஸ்ட்-சிஎல்ஐ-யிலேயே நல்ல சிரை இல்லாத 396 பேரில் இரண்டு முறைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

நாளைக்கே போய் "சிரையை ஸ்கேன் பண்ணிப் பார்த்தீர்களா டாக்டர்?" என்று கேளுங்கள். கை, கால் பிரஷரை ஒப்பிட்டு "நார்மல்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். சர்க்கரைக்காரர்களின் தமனியில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும், பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது, எண் பொய்யாக நன்றாக வரும். கால் விரலில் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்து தடவிய பலூன் போட்டால் திரும்ப அடைக்காது என்று கூடுதலாகப் பணம் கேட்கிறார்கள். ஆனால் அந்த மருந்தால் உயிருக்கு ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் வந்ததே? (திருப்பூர்)

வாட்ஸ்அப்பில் வந்ததற்கு மூலம் உண்டு. பேக்லிடாக்செல் என்ற அந்த மருந்து தடவியவற்றில் சில வருடம் கழித்து மரணம் கூடுகிறது என்று 2018 டிசம்பரில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது, அமெரிக்காவின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ 2019இல் எச்சரித்தது. பிறகு வந்த நீண்டகாலத் தகவல்களைப் பார்த்துவிட்டு, அப்படி ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை என்று 2023 ஜூலையில் அதே எஃப்டிஏ சொல்லிவிட்டது.

சரி, ஆபத்து இல்லை, ஆதாயம்? இங்கேதான் 2025இல் ஸ்வீடனிலிருந்து குளிர்ந்த தண்ணீரை ஊற்றினார்கள். ஸ்வீட்பேட் என்று இரண்டு ஆய்வுகள். கால் போகும் நிலையில் இருந்த 2,355 பேரில் மருந்து தடவியது காலைக் கூடுதலாகக் காப்பாற்றவில்லை, நடந்தால் மட்டும் வலி வரும் 1,136 பேரில் வாழ்க்கைத் தரத்தைக் கூட்டவும் இல்லை. இந்த இரண்டாவது குழுவில் முதல் 5 வருடத்தில் மருந்துப் பக்கம் மரணம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது, முழுக் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. பிரிட்டனின் பேசில்-3 ஆய்வும் கொடுக்கிற காசுக்குப் பலன் இல்லை என்ற பக்கம்தான். குழாய் திறந்திருப்பதை ஸ்கேனில் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம், அது நோயாளியின் காலில் தெரிகிறதா என்று கேட்க இத்தனை வருடம் ஆகிவிட்டது. நான் இப்போதும் சில இடங்களில், குறிப்பாக ஒருமுறை திறந்து மறுபடி அடைத்த இடத்தில், இதைப் பயன்படுத்துகிறேன். நகையை அடகு வைத்து எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

முழங்காலுக்குக் கீழே மட்டும் ஒரு புது விஷயம்: மருந்து தடவிய, கரைந்துபோகும் ஸ்டென்ட். 2023இல் வந்த லைஃப்-பிடிகே ஆய்வில் 261 பேர். காலை இழக்காமல், குழாயும் அடைக்காமல் ஒரு வருடம் தாண்டியவர்கள் 74 சதவீதம், வெறும் பலூனில் 44. இதில் உள்ள மருந்து வேறு, எவரோலிமஸ். ஆனால் சேர்த்துக்கொண்டவர்கள் பொறுக்கி எடுத்தவர்கள், அடைப்பும் சின்னது. காலடி வரை சுண்ணாம்பாகிப்போன நம் நோயாளிகளுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கத் தயக்கமாக இருக்கிறது.

வேறு எதற்கோ வயிறு ஸ்கேன் எடுத்ததில் பெரிய தமனியில் 4.6 செ.மீ. வீக்கமாம். வயிற்றுக்குள் வெடிகுண்டு வைத்திருப்பது போல இருக்கிறது. இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாமா? நான் ஆண், வயது 71. (கும்பகோணம்)

வேண்டாம். 4 முதல் 5.5 செ.மீ. வரை உள்ள வீக்கத்தை முன்கூட்டியே ஆபரேஷன் செய்தால் ஆயுள் கூடுகிறதா என்று பிரிட்டனில் 1,090 பேரிலும், அமெரிக்காவில் 1,136 பேரிலும் பார்த்தாயிற்று, கூடவில்லை. ஆண்களுக்கு 5.5 வரை குறித்த காலத்தில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதுதான் வழி. சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், வீக்கம் பெரிதாகும் வேகத்தைக் கூட்டுவது அதுதான். வேகமாக வளர்ந்தாலோ, திடீரென்று வயிறோ முதுகோ தாங்க முடியாமல் வலித்தாலோ காத்திருக்கக் கூடாது, நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

5.5ஐத் தொடும் நாளில் தொடை இடுக்கு வழியாக ஸ்டென்ட் வைப்பதா (வீக்கப் பை அப்படியே இருக்கும், ரத்தம் ஸ்டென்ட்டுக்குள் போகும்), வயிற்றைத் திறந்து சரிசெய்வதா என்ற கேள்வி வரும். பிரிட்டனின் ஈவார்-1 ஆய்வில் முதல் 30 நாளில் இறந்தவர்கள் ஸ்டென்ட்டில் 1.7 சதவீதம், திறந்த ஆபரேஷனில் 4.7. பார்த்த எல்லோரும் ஸ்டென்ட் பக்கம் சாய்ந்தார்கள். அதே ஆட்களை 15 வருடம் பின்தொடர்ந்து 2016இல் எழுதியபோது படம் திரும்பிவிட்டது: 8 வருடத்துக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களே அதிகம் இறந்திருந்தார்கள், பழைய வீக்கப் பை மறுபடி கசிந்து வெடித்தது அதில் பெரிய காரணம். ஸ்டென்ட் வைத்தவர் ஆயுளுக்கும் ஸ்கேனுக்கு வர வேண்டும். என்னிடம் ஒருவர் நாலு வருடம் ஒழுங்காக வந்தார், பிறகு மகனோடு வெளியூர் போய்விட்டார், "நல்லாத்தான் இருக்கேன்" என்று விட்டுவிட்டார். மறுபடி வந்தபோது ஆம்புலன்ஸில் வந்தார். வருடா வருடம் வர முடியுமா என்பதையும் ஸ்டென்ட்டை முடிவு செய்யும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.

மாஸ்டர் செக்கப்பில் கழுத்துத் தமனியில் 75 சதவீத அடைப்பு. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. (சென்னை)

ஒரு தொந்தரவும் இல்லை என்பதை நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கை மரத்துச் சரியானது, பேச்சு குழறியது, ஒரு கண்ணில் திரை விழுந்தது போல இருட்டியது, இதில் எதுவாவது கடந்த சில மாதங்களில் இருந்தால் நீங்கள் வேறு வரிசை, உடனே பார்க்க வேண்டும்.

நிஜமாகவே இல்லையென்றால், 2025 நவம்பரில் வந்த கிரெஸ்ட்-2 ஆய்வு உங்களுக்கானது. எல்லோருக்கும் கறாரான மருந்து: மேல் பிரஷர் 130க்குள், கெட்ட கொழுப்பு 70க்குள். அதற்கு மேல் ஸ்டென்ட்டும் வைத்தவர்களில் 4 வருடத்தில் பக்கவாதம் போன்ற பாதிப்பு 2.8 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 6. கழுத்தைத் திறந்து அடைப்பை வழிக்கும் ஆபரேஷனுக்கான ஜோடி ஆய்வில் ஆபரேஷன் செய்தவர்களில் 3.7, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5.3, அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவுதான். ஸ்டென்ட் ஜெயித்தது என்று சிலர் போஸ்டர் அடிப்பார்கள். அந்த ஆய்வில் ஸ்டென்ட் வைத்த டாக்டர்களைச் சலித்து எடுத்துத்தான் சேர்த்தார்கள், வைக்கும்போதே பக்கவாதம் வந்தவர்களும் அதில் உண்டு. மருந்து மட்டும் எடுத்த 100 பேரில் 94 பேருக்கு 4 வருடம் ஒன்றும் ஆகவில்லை என்றும் அதையே படிக்கலாம். முதலில் பிரஷரையும் கொழுப்பையும் அந்த எண்ணுக்குக் கொண்டுவாருங்கள், அவசரம் இல்லை.

நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் சரியாகிறது. வயது 54, பீடி உண்டு. ஸ்டென்ட்? (தூத்துக்குடி)

பீடியை விடுங்கள், வலி வரும் வரை நடங்கள், நின்று ஆறிவிட்டு மறுபடி நடங்கள், ஒரு தடவைக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாமல், வாரம் மூன்று நாளாவது, மூன்று மாதம். இடுப்புத் தமனி அடைப்பிலேயே, ஆள் வைத்து நடக்கவைத்தவர்கள் ஆறு மாதத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களைவிட அதிக நேரம் நடந்தார்கள் என்று அமெரிக்காவில் 2012இல் காட்டியிருக்கிறார்கள். சர்க்கரையும் இருந்தால் அதற்கான செமாகுளுடைட் ஊசி பற்றி உங்கள் டாக்டரிடம் கேட்கலாம், 792 பேரை வைத்து நடந்த ஆய்வில் போலி ஊசி போட்டவர்களைவிட நடக்கும் தூரம் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 13 சதவீதம் கூடுதலாக இருந்தது. பீடியோடு ஸ்டென்ட் வைத்துக்கொண்டால் அடுத்த வருடமும் எனக்கு வேலை கொடுப்பீர்கள்.

அம்மாவுக்கு நரம்பு சுருண்டு கணுக்காலில் ஆறு மாதமாகப் புண். புண் ஆறட்டும், பிறகு லேசர் பார்க்கலாம் என்கிறார்கள். (ஈரோடு)

தமனியில் அடைப்பு இல்லை என்று பார்த்துவிட்டால், காத்திருக்கத் தேவையில்லை. 2018இல் வந்த எவ்ரா ஆய்வில் 450 பேர். அழுத்தக் கட்டோடு சேர்த்து இரண்டு வாரத்துக்குள் லேசர் போன்ற முறையில் அந்தக் கெட்டுப்போன சிரையை மூடிவிட்டவர்களுக்குப் புண் ஆற 56 நாள், பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்களுக்கு 82 நாள். கட்டு மாற்றும் செலவையும் ஆட்டோ செலவையும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு, தேன் காய்ச்சிக் குடித்தால் எல்லா அடைப்பும் கரையும் என்கிறார்களே?

அந்த அடைப்பு எப்படி இருக்கும் தெரியுமா? மெல்லிய கம்பியை அதற்குள் நுழைக்கப் பார்ப்போம், கம்பி வளைந்து திரும்பி வரும். காலாகாலமாகத் தண்ணீர் பிடித்த அண்டாவின் அடியில் கல்லு மாதிரி உப்பு படிந்திருக்குமே, அதைத் தட்டிப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும். சாறு ருசியாக இருந்தால் குடியுங்கள். ஆனால் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு அதைக் குடித்த மூன்று பேரை இந்த வருடம் பார்த்துவிட்டேன், நாலாவது ஆளாக வராதீர்கள்.