எச்.ஓ.ஏ. முழுக்க மெயில்பாக்ஸ் மாற்றப் போகிறோம், எங்கிருந்து தொடங்குவது?

எச்.ஓ.ஏ. (குடியிருப்பின் வீட்டுக்காரர்கள் சங்கம்) போர்டுக்குப் புதிதாக வந்ததும் இந்த வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. சாலையோரம் கம்பத்தில் நிற்கும் இருபது வருஷத்துத் தபால் பெட்டிகளை எல்லா வீட்டுக்கும் ஒரேயடியாக மாற்ற வேண்டும், எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நார்த் கரோலைனாவில் ஷார்லட் பக்கம் எங்கள் குடியிருப்பில் இது நடந்தபோது நானும் போர்டில் இருந்தேன்.

முதலில் கேட்டலாக்கை மூடி வையுங்கள். கறுப்பா வெண்கலமா என்று பேச ஆரம்பித்தால் நாலு மீட்டிங் அதிலேயே போய்விடும். எடுக்க வேண்டியது, வீடு வாங்கும்போது எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு யாரும் படிக்காத கவனன்ட்ஸ் (சங்கத்தின் கட்டுப்பாட்டு விதிகள்) பத்திரம். பெட்டி வீட்டுக்காரருடையதா, சங்கத்துடையதா என்று அதில் தேடுங்கள். சங்கத்துடையது என்றால் ரிசர்வ் ஃபண்டிலிருந்து (சங்கம் சேர்த்து வைக்கும் பொதுப் பணம்) எடுக்க வழி உண்டு. வீட்டுக்காரருடையது என்றால், எந்த மாடல், என்ன நிறம் என்று விதி போடலாமே தவிர பொதுப் பணத்தில் கை வைப்பது சிக்கல். ஒன்றுமே எழுதவில்லை என்றால் (எங்கள் கதை அதுதான்) வக்கீலிடம் எழுத்தில் ஒரு கருத்து வாங்கிவிட்டு, அப்புறம் கொட்டேஷன் கேளுங்கள். கூடவே இன்னொன்றையும் தீர்மானமாகப் போட்டுவிடுங்கள்: நாளைக்கு யாராவது காரைப் பின்னால் எடுக்கும்போது புதுப் பெட்டியை இடித்துவிட்டால் செலவு யாருடையது? மாற்றுகிற செலவைப் பற்றி வந்த சண்டையைவிட இதைப் பற்றி வந்த சண்டைதான் எங்களுக்குப் பெரிது.

அடுத்தது, உண்மையிலேயே எது பழுதாகியிருக்கிறது என்று நடந்து பாருங்கள். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். கம்பம் மண்ணைத் தொடுகிற இடத்தில் குத்துங்கள். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கீழே ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போகும், வெளியே இழுத்தால் ஈரத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் ஊர்ச் செம்மண் தண்ணீரைச் சீக்கிரம் விடாது. புல்லுக்கு அடிக்கிற ஸ்பிரிங்க்ளர் வேறு தினமும் நனைக்கிறது. பல வீடுகளில் பெட்டி நன்றாகத்தான் இருந்தது, உளுத்துப்போனது கம்பம்தான். அப்படியென்றால் கம்பத்தை மட்டும் மாற்றினாலே செலவு பாதியாகக் குறையலாம். விற்க வருகிறவர் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

அளவுகள் நம் இஷ்டம் இல்லை, தபால் துறை சொல்வதுதான். சாலை மட்டத்திலிருந்து பெட்டியின் அடிப்பாகம் 41 முதல் 45 அங்குல உயரம். கர்ப் (சாலையோரக் கல் வரம்பு) விளிம்பிலிருந்து பெட்டிக் கதவு 6 முதல் 8 அங்குலம் உள்ளே. தபால்காரர் வண்டியை விட்டு இறங்காமல் கையை நீட்டிப் போடுவதற்கான கணக்கு இது. உங்கள் தெருவுக்குச் சமீபத்தில் மேலே ஒரு அடுக்குத் தார் போட்டிருந்தால் பழைய உயரத்தை அப்படியே நகலெடுக்காதீர்கள், புதிதாக அளக்கச் சொல்லுங்கள். 4-க்கு 4 அங்குல மரக் கம்பம் போதும், 24 அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். கார் மோதினால் கம்பம் சாய வேண்டும், காரில் இருப்பவர் பிழைக்க வேண்டும் என்பதுதான் காரணம். கான்கிரீட் நிரப்பிய பால் கேன்களைத் தாங்கியாக வைக்காதீர்கள் என்று தபால் துறையே பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறது. யாரோ வைத்துப் பார்த்திருக்கிறார்கள்!

மீட்டிங்கில் கண்டிப்பாக ஒருவர் எழுந்து, 'தனித்தனிப் பெட்டி எதற்கு, தெரு முனையில் கிளஸ்டர் பாக்ஸ் வைத்துவிடலாமே' என்பார். பல வீடுகளின் தபாலுக்கும் பொதுவான ஒரே பெரிய பெட்டி அது. 8, 12, 13, 16 அறைகள் கொண்டவையாக வரும், பூட்டு உண்டு, பார்சலுக்குத் தனி லாக்கர் உண்டு. தபால் திருட்டு அதிகமுள்ள இடத்துக்கு நல்ல தீர்வுதான். ஆனால் சிமென்ட் மேடை, அதற்கு இடம், விளக்கு, தொலைந்த சாவி எல்லாம் சங்கத்தின் பொறுப்பாகும். வாக்கர் வைத்து நடக்கும் பெரியவர்களும் அவ்வளவு தூரம் போய்வர வேண்டும். வீட்டுக்காரர்களின் ஒப்புதலும் உள்ளூர் போஸ்ட்மாஸ்டரின் சம்மதமும் இல்லாமல் நடக்காது. திருட்டுத் தொல்லை இல்லாத தெருவில் இதற்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்.

வேலை தொடங்குவதை அறிவிக்கும் நோட்டீஸை அதே மெயில்பாக்ஸுக்குள் போட்டுவிடாதீர்கள். தபால் கட்டணம் கட்டாமல் நோட்டீஸ் போன்றவற்றைப் பெட்டிக்குள் போடுவது ஃபெடரல் சட்டப்படி குற்றம். பெட்டிக்குக் காசு கொடுப்பது நாமாக இருந்தாலும் உள்ளே போட உரிமை தபால் துறைக்குத்தான். கதவில் மாட்டுங்கள், அல்லது ஈமெயில் அனுப்புங்கள்.

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு தச்சர், குதிரை லாயம் மாதிரி தானே செய்த பெட்டியைக் கழற்ற முடியாது என்று நின்றார். சட்டம் பேசிப் பயனில்லை. பொருத்துகிற ஆட்களிடம் சொல்லி அதை உடைக்காமல் கழற்றி அவர் கையில் கொடுத்தோம். இப்போது அது அவர் தோட்டத்தில் பறவைக் கூடாக இருக்கிறது.

கான்ட்ராக்டில் சில வரிகளை விட்டுவிடாதீர்கள். தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811 என்ற தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டு நிலத்தடிக் கேபிள், குழாய்களுக்குக் குறி போட வைப்பது அவர்கள் பொறுப்பு. அழைப்பு இலவசம்தான், ஆனாலும் பழைய குழியிலேயே நடுகிறோம் என்று தட்டிக் கழிப்பார்கள், விடாதீர்கள். பழைய கம்பத்தை எடுக்கிற அன்றே புதியதை நட வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய தபால் வராது. வீட்டு எண் குறைந்தது 1 அங்குல உயரத்தில் பெட்டியில் இருக்க வேண்டும். பழைய கம்பத்தோடு அதன் அடி கான்கிரீட்டையும் தோண்டி எடுத்துப் போக வேண்டும். எங்களுக்கு வந்த ஒரு கொட்டேஷன் மற்றவற்றைவிடக் கணிசமாக மலிவாக இருந்தது. படித்துப் பார்த்தால் பழைய கான்கிரீட்டை அங்கேயே விட்டுவிட்டு அரை அடி தள்ளி நடுவதாக எழுதியிருந்தார்கள்.