மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும்போது முடுக்கம் சுழியா?

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். இயக்கச் சமன்பாடுகள் மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் கணக்கு என்று வந்தால் தடுமாறுகிறாள். செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது அதன் முடுக்கம் என்ன என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். 'திசைவேகம் சுழி, ஆகவே முடுக்கமும் சுழி' என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டாள். ஏன் தவறு என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஈர்ப்பு முடுக்கத்துக்கு எங்கே கூட்டல் குறி, எங்கே கழித்தல் குறி என்பதிலும் குழப்பம். நான் வணிகவியல் படித்தவள். வீட்டிலேயே அவளுக்கு இதைப் புரியவைக்க வழி உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. அதற்கு நீங்கள் இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

உங்கள் மகளுக்குச் சமன்பாடுகள் நன்றாகத்தான் தெரிகின்றன. திசைவேகமும் (எந்தத் திசையில் எவ்வளவு வேகம் என்பது) முடுக்கமும் (அந்தத் திசைவேகம் நொடிக்கு எவ்வளவு மாறுகிறது என்பது) அவர் மனதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதுதான் சிக்கல். ஒன்று பெரிதானால் மற்றதும் பெரிதாகும், ஒன்று சுழியானால் மற்றதும் சுழியாகும் என்று நினைக்கிறார். நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளிடமும், பொறியியல் கல்லூரிக்குப் போய்விட்டவர்களிடமும்கூட இதே எண்ணம் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டால், கூட்டல் கழித்தல் குழப்பமும் பெரும்பாலும் அதோடு போய்விடும்.

சரி, சமன்பாடுகளைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். ஒரு தாளை எடுத்து, பந்தை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிவதாக எழுதிக்கொள்ளுங்கள். ஈர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு 9.8 என்றாலும், கணக்கு எளிதாக இருக்க 10 என்றே வைப்போம். மேல்நோக்கிப் போவதைக் கூட்டல் என்று கொண்டால், எறிந்த கணத்தில் திசைவேகம் 20. ஒரு நொடி கழித்து 10. இரண்டாவது நொடி முடிவில் 0, அதாவது பந்து உச்சியில் இருக்கிறது. மூன்றாவது நொடி முடிவில் −10. நான்காவது நொடி முடிவில் −20, பந்து கைக்குத் திரும்பிவிட்டது.

இப்போது மகளிடம் கேளுங்கள்: 20-லிருந்து 10-க்கு வந்தபோது எவ்வளவு மாறியது? பத்து குறைந்தது. 10-லிருந்து 0? பத்து குறைந்தது. 0-விலிருந்து −10? அப்போதும் பத்து குறைந்தது. இந்த 'நொடிக்குப் பத்து குறைகிறது' என்பதுதான் முடுக்கம். உச்சியில் மட்டும் அதற்கு விடுமுறை கிடையாது. திசைவேகம் அந்தக் கணத்தில் எவ்வளவு என்பது ஒரு கேள்வி, அது எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்பது வேறொரு கேள்வி. ஆகவே உச்சியில் முடுக்கம் −10. சரியான மதிப்பில் சொன்னால், கீழ்நோக்கி 9.8 மீட்டர்/நொடி².

இன்னும் சந்தேகம் இருந்தால் இன்னொரு கேள்வி கேளுங்கள். உச்சியில் திசைவேகமும் சுழி, முடுக்கமும் சுழி என்றால் அடுத்த கணம் பந்து என்ன செய்யும்? நின்றுவிட்டது, அதன் நிலையில் மாற்றமும் இல்லை. அப்படியானால் அது அந்தரத்திலேயே நிற்க வேண்டும் அல்லவா? பதிலைச் சொல்லிவிடாதீர்கள், அவராகவே யோசித்து வரட்டும். இந்தக் கேள்வியில் ஒருமுறை மாட்டிக்கொண்ட பிள்ளை மறுபடி அந்தத் தவறைச் செய்வது அரிது.

அடுத்தமுறை ஸ்கூட்டரில் போகும்போது வேகமானியைப் பார்க்கச் சொல்லுங்கள். நேர்சாலையில் முள் 50-ல் அசையாமல் நின்றால் வேகம் உண்டு, முடுக்கம் இல்லை. சிக்னலில் பச்சை விழுந்து ஆக்சிலேட்டரைத் திருகும் கணத்தில் முள் பூஜ்ஜியத்தில்தான் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து நகரத் தொடங்கிவிட்டது. அந்தக் கணத்தில் வேகம் இல்லை, முடுக்கம் உண்டு. உச்சியில் இருக்கும் பந்தின் நிலைமையும் அதேதான். (நேர்சாலை என்று குறிப்பிட்டுச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வளைவில் திரும்பும்போது முள் அசையாவிட்டாலும் திசை மாறுகிறது, ஆகவே முடுக்கமும் இருக்கிறது. வேகமானி திசையைக் காட்டுவதில்லை.)

பந்து உச்சியில் கொஞ்ச நேரம் நிற்பதுபோல நம் கண்ணுக்குத் தெரிகிறதே, அது ஏன்? குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. நம் பந்து 20 மீட்டர் உயரம் போகிறது. ஒரு நொடி முடிவில் 15 மீட்டரில் இருக்கிறது. மூன்றாவது நொடி முடிவில், இறங்கும் வழியில், மறுபடி 15 மீட்டரில் இருக்கிறது. அதாவது நான்கு நொடிப் பயணத்தில் இரண்டு நொடி, உயரத்தின் மேல் கால்பங்கிலேயே கழிகிறது. எந்த உயரத்துக்கு எறிந்தாலும் இந்தக் கணக்கு மாறாது: பாதி நேரம் மேல் கால்பங்கில்தான்.

இதைக் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். சுவரில் கை உயரத்தில் ஒரு கோடு, அதிலிருந்து 94 சென்டிமீட்டர் மேலே ஒரு கோடு, 125 சென்டிமீட்டர் மேலே ஒரு கோடு போடுங்கள். கடைசிக் கோட்டைத் தொடும் அளவுக்கு ஒரு ரப்பர் பந்தை நேராக எறிந்து, கைபேசியை அசையாமல் வைத்துக் காணொளி எடுங்கள். பந்து கையை விட்டுத் திரும்ப வர ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமரா என்றால் சுமார் 30 படங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினால், மேல் இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள 31 சென்டிமீட்டரில் மட்டும் கிட்டத்தட்ட 15 படங்கள் இருக்கும். உச்சியை நெருங்க நெருங்க ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே பந்து நகரும் தூரம் சுருங்கிக்கொண்டே வரும், அப்புறம் அதே முறையில் விரியும். எங்கேயும் அது உட்கார்ந்து இளைப்பாறுவதில்லை. இதை உங்கள் மகளே எடுத்து, அவரே எண்ண வேண்டும். நீங்கள் எண்ணிச் சொன்னால் பயன் பாதிதான்.

இனி கூட்டல் கழித்தல் விவகாரம். 'மேலே போகும்போது கழித்தல், கீழே வரும்போது கூட்டல்' என்று பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இது பிடிக்காத குறுக்குவழி. மேலே போவதை ஒரு கணக்காகவும் கீழே வருவதை இன்னொரு கணக்காகவும் பிரித்துப் போட்டால் விடை வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே கணக்கின் நடுவில் குறியை மாற்றினால் எல்லாம் குலைந்துவிடும். கணக்கைத் தொடங்கும்போதே எந்தத் திசை கூட்டல் என்று ஒரு அம்புக்குறி வரைய வேண்டும். கடைசிவரை அதை மாற்றக்கூடாது. மேல்நோக்கியது கூட்டல் என்றால், பந்து ஏறினாலும் இறங்கினாலும் உச்சியில் இருந்தாலும் முடுக்கம் −10 மட்டுமே. கீழ்நோக்கியது கூட்டல் என்று வைத்தால் எப்போதும் +10. அம்புக்குறியைத் தேர்ந்தெடுப்பது நம் விருப்பம். அதற்கு உட்பட்டு நடப்பது கட்டாயம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 25 மீட்டர் உயரக் கட்டடத்தின் விளிம்பிலிருந்து அதே 20 மீட்டர்/நொடி வேகத்தில் பந்தை மேலே எறிகிறோம். எத்தனை நொடியில் தரையைத் தொடும்? உச்சி வரை ஒரு கணக்கு, உச்சியிலிருந்து தரைக்கு இன்னொரு கணக்கு என்று பிள்ளைகள் பிரிப்பார்கள். தேவையே இல்லை. தொடங்கிய இடத்திலிருந்து பார்த்தால் பந்து கடைசியில் 25 மீட்டர் கீழே இருக்கிறது, ஆகவே இடப்பெயர்ச்சி −25. நடுவில் அது எங்கெல்லாம் போய் வந்தது என்ற கவலை வேண்டாம். இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்² என்ற சமன்பாட்டில் போட்டால்:

−25 = 20 × நேரம் − 5 × நேரம்²

இதைத் தீர்த்தால் நேரம் 5 நொடி அல்லது −1 நொடி. ஐந்தை எடுத்துக்கொள்கிறோம். தரையைத் தொடும்போது திசைவேகம் 20 − 50 = −30. கீழ்நோக்கி 30 என்பதைக் கழித்தல் குறியே சொல்லிவிடுகிறது.

அந்த −1 நொடியை 'பொருந்தாது' என்று எழுதி அடித்துவிடுவது வழக்கம். தேர்வுக்கு அது போதும். ஆனால் அதற்கும் ஒரு பொருள் இருக்கிறது, மகளுக்குச் சொல்லுங்கள்: இதே பந்தைக் கட்டடத்திலிருந்து எறியாமல், ஒரு நொடி முன்னதாகத் தரையிலிருந்து 30 மீட்டர்/நொடி வேகத்தில் எறிந்திருந்தால், அது சரியாக இந்தக் கணத்தில் மாடி விளிம்பை 20 மீட்டர்/நொடி வேகத்தில் கடந்திருக்கும். சமன்பாட்டுக்குக் கட்டடம் இருப்பது தெரியாது, இயக்கம் மட்டும்தான் தெரியும். இப்படி விடைகளைப் படிக்கப் பழகிய பிள்ளைக்குக் கணக்கு பயம் தராது.

இதோடு சேர்த்துக் களைய வேண்டிய இன்னொரு எண்ணம், 'முடுக்கம் கழித்தலில் வந்தால் வேகம் குறைகிறது' என்பது. நம் பந்து இறங்கும்போது முடுக்கம் −10 தான், வேகமோ கூடிக்கொண்டே போகிறது. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியில் இருந்தால் வேகம் கூடும், எதிரெதிர்க் குறியில் இருந்தால் குறையும். ஒன்றின் குறியை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

முதலில் எழுதிய ஐந்து எண்களை அப்படியே திசைவேகம்–நேரம் வரைபடமாகப் போடச் சொல்லுங்கள். மேலிருந்து கீழே ஒரே நேர்கோடு, சுழிக் கோட்டை எங்கும் வளையாமல் வெட்டிக்கொண்டு போகும். அந்தக் கோட்டின் சாய்வுதான் முடுக்கம். உச்சியைக் குறிக்கும் புள்ளியில் சாய்வு மாறவில்லை என்பது கண்ணெதிரே தெரியும். கோட்டுக்கும் நேர அச்சுக்கும் நடுவே இருக்கும் பரப்பு இடப்பெயர்ச்சி: மேலே ஒரு முக்கோணம் +20, கீழே ஒரு முக்கோணம் −20, கூட்டினால் சுழி. பந்து கைக்கே வந்துவிட்டது. ஆனால் கடந்த தொலைவு 40 மீட்டர். தொலைவும் இடப்பெயர்ச்சியும் வேறு என்பது இங்கே தானாக விளங்கும்.

உயரம்–நேரம் வரைபடம் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். அது கவிழ்ந்த கிண்ணம்போல வரும், அதைப் பந்து போன பாதை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். பந்து நேராக மேலே போய் நேராகக் கீழே வந்தது, பக்கவாட்டில் நகரவே இல்லை. கிடை அச்சில் இருப்பது நேரம், தூரம் அல்ல. எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் இரண்டு அச்சுகளின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இந்த மூன்று சமன்பாடுகளும் முடுக்கம் மாறாமல் இருக்கும்போது மட்டுமே செல்லும். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகும் டவுன் பஸ்ஸின் முழுப் பயணத்துக்கும் அவற்றைப் போட முடியாது. விழும் பொருளுக்குக் காற்றின் தடையை விட்டுவிட்டுத்தான் போடுகிறோம். 1971-ல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். காற்றில்லாத இடம், இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அந்தக் காணொளி இணையத்தில் கிடைக்கிறது, காட்டுங்கள். கலிலியோ இதற்கு அடித்தளம் போட்டது 1638-ல் வெளியான தன் நூலில். சரிவில் உருளும் வெண்கலக் குண்டு அடுத்தடுத்த சம கால இடைவெளிகளில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வருவதை அவர் கண்டார். கட்டடத்திலிருந்து எறிந்த நம் பந்து உச்சியிலிருந்து தரைக்கு விழுந்ததையும் பாருங்கள்: முதல் நொடியில் 5 மீட்டர், அடுத்ததில் 15, அதற்கடுத்ததில் 25. அதே விகிதம்தான்.

சராசரி வேகத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. 120 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 40-ல் போய், 60-ல் திரும்பினால் சராசரி 50 அல்ல. மொத்தம் 240 கிலோமீட்டர், மொத்தம் 5 மணி நேரம், ஆகவே 48. இரண்டு வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுப்பது, முடுக்கம் மாறாத பயணத்தின் தொடக்க, இறுதித் திசைவேகங்களுக்கு எப்போதும் பொருந்தும். மற்ற இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது.

இவ்வளவும் ஆன பிறகு ஒரு சோதனை வையுங்கள். மாடியிலிருந்து ஒரு பந்தை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறோம், இன்னொன்றை அதே வேகத்தில் கீழே எறிகிறோம். காற்றுத் தடையை விட்டுவிட்டால், தரையைத் தொடும்போது எதன் வேகம் அதிகம்? தாளில் எதுவும் எழுதாமல் சொல்ல வேண்டும். மேலே போன பந்து திரும்பி மாடி மட்டத்தைக் கடக்கும்போது அதன் திசைவேகம் −10, கீழே எறிந்த பந்துக்கும் தொடக்கத்தில் அதேதான், ஆகவே இரண்டும் ஒரே வேகத்தில் தரையைத் தொடும் என்று சொன்னால், பாடப்புத்தகக் கணக்குகளுக்குத் தைரியமாகப் போகலாம். 'கீழே எறிந்ததுதான் வேகமாக வரும்' என்றால் திட்டாதீர்கள். 20, 10, 0, −10, −20 எழுதிய தாளை மறுபடி எடுங்கள். பந்து ஏறும்போது ஒரு நொடியையும், அதே உயரத்தில் இறங்கும்போது ஒரு நொடியையும் அருகருகே வைத்து, எண்ணில் எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.