சிம்னி ஏன் கறுக்கிறது?

கேள்வி: சார், புயல் மழைக்கு ஆகும் என்று ஐந்து லிட்டர் மண்ணெண்ணெய் கேனில் வைத்திருந்தேன். போன வாரம் அரிக்கேன் விளக்கை ஏற்றினால் படபடவென்று பொரிகிறது, அரை மணியில் சிம்னி கறுத்துவிட்டது. கலப்படமா?
- வாசகி, வேதாரண்யம்

2018-ல் கஜா அடித்த பிறகு கரண்ட் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்த ஊர்க்காரர் நீங்கள். எண்ணெய் எடுத்து வைத்தது நல்ல காரியம்.

பொரிவது தண்ணீரால். வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி ஒரு ராத்திரி அசைக்காமல் வையுங்கள். மண்ணெண்ணெய் லிட்டருக்கு 800 கிராம் அளவில்தான் இருக்கும், அதனால் தண்ணீர் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மட்டும் மெதுவாக வடித்துக்கொள்ளுங்கள். நனைந்த திரியையும் மாற்றிவிடுங்கள்.

கரிக்கு வருகிறேன். என் அப்பா மன்னார்குடியில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டவர், ஸ்டவ் ரிப்பேரும் பார்த்தார். விளக்கு புகைகிறது என்று யார் வந்தாலும் முதலில் கத்தரிக்கோலைத்தான் எடுப்பார். திரியின் ஒரு மூலை தூக்கியிருந்தால் போதும், அந்தப் பக்கம் புகையும். அப்புறம் காற்று வரும் வழியைப் பாருங்கள். பரணில் கிடந்த அரிக்கேனில் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். எத்தனையோ விளக்குகளில் அதைக் குச்சியால் குத்தி எடுத்திருக்கிறேன்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கறுத்தால்தான் எண்ணெயைச் சந்தேகப்பட வேண்டும். புகையாமல் சுடர் எவ்வளவு உயரம் எரிகிறது என்பதை ஆய்வகத்தில் அதற்கென்று உள்ள விளக்கில் வைத்து அளப்பார்கள். நம் நாட்டுத் தர அளவுப்படி 18 மில்லிமீட்டராவது வர வேண்டும். டீசல் கலந்தால் அது குறையும். திரியின் நுனியிலும் சீக்கிரமே கெட்டியாகக் கரி கட்டும். இரண்டு மணி நேரம் எரித்துவிட்டு அணைத்து, ஆறியதும் திரியைத் தொட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி: ரேஷனில் தரும் நீல எண்ணெய் மட்டமான சரக்கா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

இல்லை. மானிய எண்ணெய் வெளிச்சந்தைக்குப் போனால் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சாயம். சரக்கு அதேதான்.

கேள்வி: பம்பு ஸ்டவ் சட்டென்று பற்ற, மண்ணெண்ணெயில் கொஞ்சம் பெட்ரோல் விடலாம் என்கிறார் என் மச்சான். செய்யலாமா?
- வாசகர், முத்துப்பேட்டை

வேண்டாம் தம்பி. ஒரு மூடி அளவுகூட வேண்டாம்.

நரிமணத்தில் எடுக்கும் கச்சா எண்ணெயானாலும் அரபு நாட்டு எண்ணெயானாலும், காய்ச்சினால் முதலில் ஆவியாகி வருவது பெட்ரோல் ரகம். சுமார் 150 டிகிரியிலிருந்து 300 டிகிரிக்குள் வருவது மண்ணெண்ணெய். நெருப்பு காட்டியதும் பற்றுகிற அளவுக்கு ஆவி கிளம்பும் சூடு ஒன்று உண்டு. மண்ணெண்ணெய்க்கு அது 35 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது விதி. பெட்ரோலுக்கோ அது பூஜ்யத்துக்கும் கீழே 40 டிகிரி வாக்கில். மார்கழிக் குளிரிலும் அதிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும். பம்பு அடித்து அழுத்தம் ஏற்றிய டேங்கில், அதுவும் மேலே பர்னர் எரியும்போது, அந்த ஆவி என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் தெரு அத்தை ஒருவர் கடையில் சில்லறையாக எண்ணெய் வாங்கினார். முன்பு பெட்ரோல் இருந்த பீப்பாயைக் கழுவாமல் அதில் மண்ணெண்ணெய் ஊற்றி விற்றிருக்கிறார்கள். ஸ்டவ் குப்பென்று தூக்கி, முழங்கை வரை வெந்துபோனது. வாழையிலையில் படுக்கவைத்திருந்தார்கள். அந்த முனகல் இன்னும் என் காதில் இருக்கிறது. வாங்கும்போதே பெட்ரோல் வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொளுத்திச் சோதிக்காதீர்கள். எரிகிற ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றவும் கூடாது.

கேள்வி: கூண்டுப்புழுவுக்கு வயலில் மண்ணெண்ணெய் விடுவது பலன் தருமா?
- வாசகர், குத்தாலம்

தரும். நெல் இலையை நறுக்கிக் கூடு செய்து நீரில் மிதக்கிற புழு அது. தேங்கிய நீரில் மண்ணெண்ணெய் மெல்லிய படலமாகப் பரவியதும், இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துப் பயிரின் மேல் இழுத்துப் போனால் கூடுகள் நீரில் விழும். பிறகு நீரை வடிக்க வேண்டும். அந்த நீரை மீன் குட்டைக்கோ ஆடுமாடு குடிக்கும் வாய்க்காலுக்கோ விடாதீர்கள்.

கேள்வி: குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கலாமா?
- வாசகி, பாபநாசம்

கூடவே கூடாது அம்மா. வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியில் மேலே வந்து மூச்சுக்குழலில் இறங்குவதுதான் ஆபத்து. சில சொட்டு போதும், நுரையீரல் புண்ணாகிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். இனிமேல் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் மட்டும் எண்ணெய் ஊற்றி வைக்காதீர்கள்.